பூச்சியக்காவைத் துரத்திய ஆண்கள்

கொல்கத்தாவில் எங்கள் பூச்சியக்காவைப் போல் ஆண்கள் துரத்தித் துரத்தி வந்த பெண் வேறொருத்தி இருந்திருக்க முடியாது. என்ன, துரத்தியவர்கள் அத்தனை பேருக்கும் ஆறு கால்.

வங்கியில் மாற்றலாகி வந்து காளிகாட்டில் ஒரு பெண்கள் விடுதியில் தங்கியிருந்தேன். அங்கே அக்கா என் அறைத்தோழி, திருநெல்வேலிக்காரி. கத்தரிக்காயைத் துளைக்கும் புழுவை விஷமடிக்காமல் ஒழிப்பது அவள் ஆராய்ச்சி. அந்தப் புழு வளர்ந்தால் அந்துப்பூச்சி; அதில் பெண்ணின் வாசனையை ஏற்றிய சின்னக் குப்பியைப் பொறியில் தொங்கவிடுவாள். மணப்பெண் காத்திருக்கிறாள் என்று பறந்து வரும் ஆண் பூச்சி, சோப்புத் தண்ணீரில் விழும். குப்பிகளைத் தொட்டுத் தொட்டு அந்த வாசனை அவள் துப்பட்டாவிலும் ஏறிவிட்டது. மொட்டைமாடிக் கத்தரித் தொட்டிகளிலிருந்து மாப்பிள்ளைகள் நேரே சாப்பாட்டு மேஜைக்கு வந்துவிடுவார்கள்.

"உன் வரன்களை வாசலோடு நிறுத்து!" என்று பருப்புக் கிண்ணத்தை மூடிக்கொண்டு கத்துவார், மாஷிமா என்று நாங்கள் கூப்பிடும் விடுதிக்கார அம்மா.

நான் விசிறியை ஓங்கினால் அக்கா தடுப்பாள். "சும்மா இருட்டி. எவ்ளோ ஆசையா வாரான்!"

மார்க்கெட்டில் இன்னும் மோசம். ஆராய்ச்சிக்குப் புழு வேண்டுமென்று ஓட்டை விழுந்த காயாகப் பொறுக்குவாள். கடைக்காரர் தன் கூடையில் ஒரு சொத்தைகூடக் கிடையாது என்று காளி மேல் சத்தியம் செய்தால், ஏமாற்றத்தோடு அடுத்த கடைக்குப் போவாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை ஹவுராவில் ரயிலேற்றி ஒரு கிராமத்துக்கு என்னை இழுத்துப் போனாள். அங்கே கரீம் காக்கா (வங்காளத்தில் காக்கா என்றால் சித்தப்பா) என்ற விவசாயி இவள் கட்டிய பொறிகளை நம்பி அந்தப் போகம் மருந்தே அடிக்கவில்லை. பறித்த காயில் பாதி ஓட்டை. முதுகில் மருந்துத் தெளிப்பானோடு நின்றிருந்தார்.

"தீதி, பூச்சி உங்களுக்குப் படிப்பு. எனக்குச் சோறு" என்றார் வங்காளத்தில். குரலில் கோபமே இல்லை. அதுதான் தாங்க முடியவில்லை.

அக்கா முகம் சுண்டிப்போயிற்று. அடுத்த பறிப்புவரை பொறுக்கச் சொல்லிக் கெஞ்சினாள். அந்தி சாய்ந்ததும், தூறலில், புதுச் சுடிதாரோடு சேற்று வரப்பில் குப்புறப் படுத்துவிட்டாள். நான் குடை பிடித்தேன். டீ கொண்டுவந்த காக்காவின் மனைவி, "இந்தப் பெண்ணுக்கு உடம்பு சரியில்லையா?" என்றார்.

"இல்லை காக்கிமா, வேலை பார்க்கிறாள்."

சட்டென்று அக்கா அலறினாள். "ஏட்டி! அவன் தாழப் பறக்கான்! செடி உசரத்துல! நான் என் உசரத்துக்குப் பொறியக் கட்டியிருக்கேன் பாரு, கூறுகெட்டவ!"

அப்போதே எல்லாப் பொறிகளையும் செடி மட்டத்துக்கு இறக்கிக் கட்டினோம். புழு புகுந்து வாடிய குருத்துகளைக் கிள்ளி எரிக்கச் சொல்லிவிட்டு வந்தாள்.

அடுத்த பறிப்பில் ஓட்டை கொஞ்சம் குறைந்தது. அதற்கடுத்ததற்கு நாங்கள் போனபோது காக்கா தெளிப்பானைக் கழுவிக் கொட்டகையில் மாட்டிவிட்டார். பளபளவென்று ஒரு பை கத்தரிக்காய் என் கையில் திணித்தார். கொண்டாடலாம் என்று அக்காவைத் தேடினால், பொறியில் மிதந்த பூச்சிகள் மேல் குனிந்திருந்தாள்.

"மன்னிச்சிருங்கடே. பொண்ணே இல்லாத வீட்டுக்கு வரவச்சிட்டேன்."

கண் நிஜமாகவே கலங்கியிருந்தது.

திரும்பும் ரயிலில் என் தோளில் சாய்ந்து தூங்கிப்போனாள். ஹவுரா வந்தது. கூட்டம் இறங்கியது, பெட்டி காலியானது. எழுப்ப எனக்கு மனம் வரவில்லை. தோளை அசைக்காமல் உட்கார்ந்திருந்தேன்.