இடைக்கணுப் புழுவும் உபதேசியார் மகளும்

பாவசங்கீர்த்தனத்தில் சொல்லி மன்னிப்பு வாங்கிவிட்ட பாவத்தை மறுபடியும் ஊருக்குச் சொல்லக் கூடாது என்று திருச்சபையில் சட்டம் இருப்பதாக எனக்குத் தெரியவில்லை. இருந்தாலும் எனக்குப் பயமில்லை. என் பாவத்தை எங்கள் பங்குக் கோயில் மக்கள் எல்லாருமே நேரில் பார்த்தவர்கள். அதில் பாதிப் பேர் வாயைக் கையால் பொத்திக்கொண்டு பார்த்தார்கள். ஏன் பொத்தினார்கள் என்பதுதான் கதை.

அப்போது எனக்கு இருபத்தேழு வயது. துறைமுகத்தில் சரக்குக்குத் தார்பாய் போட்டுக் கயிறு கட்டும் வேலை. பத்தாம் வகுப்புத் தேர்ச்சி (கணக்குப் பாடத்தில் மட்டும் மாதாவின் கருணை). ராயபுரத்தில் எங்கள் கோயிலில் ஞாயிற்றுக்கிழமை இரண்டு பூசைக்கும் போவேன். பக்திதான் காரணம். கொஞ்சம் பாடகர் குழுவும் காரணம். அதில் முதல் வரிசையில் நின்று பாடுகிற ஜெசிந்தா எங்கள் உபதேசியாரின் ஒரே மகள். நர்சரி பள்ளியில் டீச்சர்.

உபதேசியார் என்றால் சாமியாருக்கு அடுத்தபடி கோயில் காரியங்களைப் பார்க்கிறவர். எங்கள் உபதேசியார் அடுத்தபடி எல்லாம் இல்லை, பல நேரங்களில் மேல்படி. பூசைக்குத் தாமதமாக வருகிறவர்களை வாசலிலேயே நிறுத்தி அவர் கேட்கிற கேள்விக்குப் பயந்து மதம் மாறினவர்கள்கூட உண்டு என்று பேச்சு. அப்படிப்பட்டவரிடம் என் அம்மா போய்ப் பெண் கேட்டுவிட்டு வந்தாள்.

"இன்னாம்மா சொன்னாரு?" என்றேன்.

"பையன் நல்லவன்தான், ஆனா பூசைக்கு வர்றவன் எல்லாம் பொறுப்பானவன் இல்லையேன்னாரு. பொங்கல் தோரணத்த உன்கிட்ட குடுக்கப் போறாராம். நீ எப்டி செய்றன்னு பாத்துட்டு பதில் சொல்றாராம்."

எங்கள் கோயிலில் பொங்கலன்று விடியற்காலையில் நன்றிப் பூசை நடக்கும். பீடத்துக்கு முன்னால் கரும்பில் பெரிய தோரணம் நிற்கும். பூசை முடிந்ததும் அந்தக் கரும்பையே வெட்டி எல்லாருக்கும் கொடுப்பார்கள். ஆக, என் கல்யாணம் இருபத்து நான்கு கரும்பின் மேல் நின்றது.

நான் அந்தோனியாரிடம் நேர்ந்துகொண்டு நவநாள் ஜெபம் தொடங்கினேன். தொடங்கின அன்றே கரும்பையும் வாங்கிவிட்டேன், பொங்கலுக்குப் பத்து நாள் முன்னதாகவே. கடைசி நாளில் போனால் நல்ல கரும்பு கிடைக்காது என்று பயம். லாரியிலிருந்து இறக்கிக்கொண்டிருந்த கரும்புக்காரர் நல்ல மனிதர். "இப்பவே எதுக்கு சார்? சரி, தோகையாவது உரிச்சித் தர்ட்டா?" என்று கேட்டார். தோகையோடு நின்றால்தானே தோரணம் பச்சையாக இருக்கும்? வேண்டாம் என்றேன். முதல் தப்பு.

கரும்பைக் கோயில் பின்னால் உள்ள கொட்டகையில் நிறுத்தினேன். வாடாமல் இருக்க ஈரச் சாக்கு சுற்றினேன். அதன் மேல் எனக்குத் தெரிந்த ஒரே வித்தையைக் காட்டினேன். கப்பலில் வந்த சரக்கை மூடுவதுபோல் தார்பாய் போட்டு, காற்றுகூடப் புகாதபடி கயிறு கட்டினேன். ஒன்பது நாளும் வேலை முடிந்து வந்து கட்டின் மேல் தீர்த்தம் தெளித்து ஜெபம் சொன்னேன். (உள்ளே இருந்தவர்களுக்குச் சூடு, ஈரம், இருட்டு, ஜெபம் எல்லாம் நேரத்துக்குக் கிடைத்தது. பிரசவ ஆஸ்பத்திரியில்கூட அவ்வளவு கவனிப்பு இருக்காது.)

பொங்கலுக்கு நான்கு நாள் இருக்கும்போது ஒரு பக்கம் பிரித்துப் பார்த்தேன். கரும்பில் கணுவுக்கு மேலே பொட்டுப் பொட்டாக ஓட்டை. ஓட்டை வாயில் ரம்பத்தூள் மாதிரி ஏதோ ஒட்டிக்கொண்டிருந்தது. கூட வந்திருந்தவன் என் தோழன் டில்லி. காசிமேட்டில் பைபர் படகுக்கு ஓட்டை அடைக்கிறவன்.

"இன்னா மாமு, கரும்பு கேட்டா புல்லாங்குழல் வாங்கினு வந்துகீற?"

"டேய், வேற கரும்பு மாத்திடலாமா?"

"உபதேசியார்கிட்ட இன்னான்னு சொல்லுவ? ஓட்டக் கரும்பு வாங்கிட்டேன்னா? அத்தோட உன் மேட்டர் குளோஸ். போட்ல ஓட்ட வுழுந்தா போட்டயா தூக்கிப் போடறோம்? அடைக்கிறோம். அடச்சிடு."

"எதை வெச்சு?"

அவன் பைபர் பசையைத்தான் சொல்ல வந்தான். வாயில் வைத்துத் தின்கிற பொருள் என்று ஞாபகம் வந்து, நாங்கள் இருவரும் ஒரே நேரத்தில் மாதா சிலை இருக்கிற குகையை, கெபியைப் பார்த்தோம். அங்கே உருகிக் கிடந்த மெழுகுத் துண்டுகள் ஒரு கூடை இருக்கும். எல்லாம் யாரோ ஜெபம் சொல்லி ஏற்றினவை. அந்த மெழுகு வைத்த இடத்தில் பூச்சி அண்டுமா? அண்டாது என்று நான் முழு மனசோடு நம்பினேன். கரும்பு கறுப்பு, மெழுகு வெள்ளை என்பதால் விளக்குக் கரியைக் குழைத்து நிறம் சேர்த்தோம். அந்த வேலையை இன்றைக்கு யோசித்தாலும் சொல்கிறேன், ஒரு ஓட்டைகூடக் கண்ணுக்குத் தெரியவில்லை. டில்லி தட்டித் தட்டிப் பார்த்துவிட்டு, "தண்ணி வுட்டாகூட ஏறாது" என்று சான்றிதழ் கொடுத்தான்.

பொங்கலுக்கு முந்தின நாள் சாயங்காலம் தோரணத்தை நிறுத்தினேன். மேலே தார்பாயை அப்படியே மூடி வைத்தேன். காலையில் வருகைப் பாடல் தொடங்கும்போது கயிற்றை இழுப்பேன், தார்பாய் விழும், தோரணம் தெரியும் என்று என் ஏற்பாடு. உபதேசியாருக்கே அது பிடித்துப்போய், "பரவாயில்லையே" என்றார். அவர் வாயிலிருந்து அந்த வார்த்தையை அதற்கு முன் கேட்டவர்கள் யாரும் உயிரோடு இல்லை.

விடியற்காலை ஐந்தரை மணிக்குக் கோயில் நிறைந்திருந்தது. வெளியே இன்னும் இருட்டு, உள்ளே எல்லா விளக்கும் எரிந்தது. பாடல் தொடங்கியது. சிலுவைக் குறி போட்டுக்கொண்டு கயிற்றை இழுத்தேன். தார்பாய் விழுந்தது. எல்லாரும் "ஆ..." என்றார்கள். பச்சைத் தோகையோடு அப்படி ஒரு தோரணத்தை எங்கள் கோயில் பார்த்ததில்லை.

பிறகு தோகைக்குள்ளிருந்து ஒரு பூச்சி எழுந்தது. காய்ந்த வைக்கோல் நிறம், முகத்தில் சின்ன மூக்கு நீட்டிக்கொண்டிருந்தது. அது டியூப்லைட்டைப் பார்த்துப் போனது. பின்னால் இன்னொன்று. அப்புறம் எண்ண முடியவில்லை. நூறு இருக்கலாம், எனக்கு அன்றைக்கு ஆயிரமாகத் தெரிந்தது. சீரியல் லைட்டில், மெழுகுவர்த்தியில், மைக்கில், சாமியாரின் வெள்ளை உடுப்பில் எல்லாம் பூச்சி.

முன் பெஞ்சில் ஒரு பெரியம்மா முழங்கால் போட்டுக் கையை விரித்து, "பரிசுத்த ஆவியானவர் எறங்கிட்டாரு!" என்று கத்தினார்.

பக்கத்தில் இருந்த அம்மா, "புறாவாத்தான வருவாரு? இது இன்னா கலீஜா பறக்குது, வாய மூடு, பூந்துடப் போவுது" என்றார்.

அவர் சொல்லி முடிக்கவில்லை, பாடகர் குழுவில் உச்சத்தில் பாடிக்கொண்டிருந்த ஜெசிந்தா திடீரென்று நிறுத்தி இருமினாள். ஒன்று உள்ளே போய்விட்டது. அத்தோடு கோயிலே வாயைப் பொத்தியது. கீபோர்டு மட்டும் தனியாகப் பாடிக்கொண்டிருந்தது. நான் கயிற்றைக் கையில் பிடித்தபடி, தரை பிளந்தால் தேவலை என்று நின்றேன்.

எங்கள் சாமியார் மட்டும் கோபப்படவில்லை. கரும்பு விளைகிற ஊரில் பிறந்தவர். தன் சட்டைக்கையில் உட்கார்ந்த பூச்சியை விரலில் ஏற்றி, ரொம்ப நாள் கழித்து உறவுக்காரரைப் பார்த்த மாதிரி பார்த்தார். பிரசங்கத்தில் அதைத்தான் பேசினார்.

"இது இடைக்கணுப் புழுவோட அந்துப்பூச்சி. இந்த இனத்துக்குப் பேரு கைலோ. அண்ணன் தம்பிங்க நெறைய பேரு. ஒருத்தன் கரும்பு முளைக்கும்போதே குருத்தை அறுப்பான். இவன் கரும்பு வளர்ந்தப்புறம் கணுவுக்குக் கணு துளைப்பான், அப்புறம் வெளிய வந்து தோகைக்குள்ள கூடு கட்டுவான். இன்னொருத்தன் சோளத்தண்டுல குடியிருப்பான், ஒருத்தன் நெல்லுல. புல்லு ஜாதியா இருந்தா விடமாட்டானுங்க. எங்க அப்பா ஒரு வருஷம் இவனால தோட்டமே போச்சுன்னு அழுதிருக்காரு. நாம இங்க கடையில வாங்கி ரெண்டு நிமிஷத்துல கடிச்சுத் துப்புறோமே, அந்தக் கரும்பு எத்தனை பேர்கிட்ட தப்பிச்சு நம்ம கைக்கு வருதுன்னு இன்னிக்காவது பார்த்தோமே, அதுக்கு நன்றி சொல்வோம்."

காணிக்கையின்போது பூச்சி விழாமல் கிண்ணத்தை மூடி வைத்துக்கொண்டு, பூசையை ஒரு குறையும் இல்லாமல் முடித்தார். எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது. முற்றத்தில் உபதேசியாரே என் தோளில் கை வைத்தார்.

"பூச்சி வர்றதுக்கு நீ என்னப்பா பண்ணுவ? தோரணம் நல்லாத்தான் இருந்துச்சு. அம்மாவை..."

என்ன சொல்ல வந்தாரோ, அதற்குள் முதல் துண்டுக் கரும்பை அவர் கையில் கொடுத்துவிட்டார்கள். அது அவருடைய உரிமை. கடித்தார். இழுத்தார். கரும்பு வந்தது. கரும்போடு அவருடைய மேல் பல்செட்டும் வந்தது. கறுப்பு மெழுகு பல்லையும் கரும்பையும் பிரிக்க முடியாதபடி ஒட்டியிருந்தது.

கைக்குட்டையால் வாயைப் பொத்திக்கொண்டு அவர் கண்ணால் மட்டும் கேட்டார். அங்கங்கே மற்றவர்களும் துப்பத் தொடங்கினார்கள்.

"தாரு மாதிரி இன்னாவோ கீது!"

"அந்தக் கரும்புக்காரன் வேலதான். ஓட்டைல தார ஊத்தி வித்துகீறான். வாங்கடா, இன்னிக்கு அவனா நம்மளா பாத்துடலாம்!"

நாலைந்து பேர் லுங்கியை மடித்துக் கட்டினார்கள். கரும்புக்காரர் தெருமுனையில்தான் கடை போட்டிருந்தார். நான் வாயைத் திறக்காவிட்டால் ஜெசிந்தா கிடைக்கலாம். ஆனால் தோகையை உரித்துத் தரட்டுமா என்று கேட்ட மனிதரின் முகம் என் முன்னால் வந்து நின்றது. பீடத்தின் பக்கம் பார்த்தேன், அங்கேயும் பார்க்க முடியவில்லை.

"அவர் மேல தப்பில்ல. நான்தான் மெழுகு வெச்சேன்," என்றேன். "ஓட்டையைப் பார்த்தேன். ஐயாவுக்குத் தெரிஞ்சா பொண்ணு குடுக்க மாட்டாருன்னு அடைச்சு மறைச்சிட்டேன்."

பெண் கேட்ட விஷயம் அதுவரை ஊருக்குத் தெரியாது. இப்போது தெரிந்தது.

"ஐடியா நான் குட்தது," என்று டில்லி கையைத் தூக்கினான். "ஆனா கடைசி வரிக்கும் ஒட்டுச்சு பாத்தீங்களா, அத்த சொல்லுங்க."

சாமியார் திரும்பிக்கொண்டு நின்றார், தோள் மட்டும் குலுங்கியது. உபதேசியார் ஒரு வார்த்தை பேசவில்லை. பேச முடியாது. பல் இல்லாமல் ஊர் முன்னால் வாயைத் திறக்கிறவர் இல்லை அவர். கரும்போடு பல்செட்டைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டார். நான் மத்தியானம் பொங்கல் சாப்பிடவில்லை. என் அம்மா எனக்கும் சேர்த்துச் சாப்பிட்டாள், கோபத்தில்.

சாயங்காலம் ஜெசிந்தா போன் செய்தாள். அதுவரை என்னோடு போனில் பேசியதே இல்லை.

"நாளைக்கு உங்க அம்மாவைக் கூட்டிக்கிட்டு வீட்டுக்கு வாங்க."

"ஐயா... திட்டலையா?"

"எப்படித் திட்டுவாரு? பல்லு என்கிட்டதான இருந்துச்சு! சுடுதண்ணியில போட்டு ஊக்கால நோண்டி எடுக்க அஞ்சு மணி நேரம் ஆச்சு. சீக்கிரமே எடுத்திருக்கலாம், நான்தான் எடுக்கல. எங்க அப்பா எதிர்ல அஞ்சு மணி நேரம் நான் மட்டும் பேசினது பொறந்ததுலேர்ந்து இதான் முதல் தடவை. அத்தனை பேர் முன்னாடி ஒத்துக்கிட்டவன், நாளைக்கு என்கிட்ட எதையும் மறைக்க மாட்டான்னு சொன்னேன். மறைச்சாலும், அப்பா, உங்களை மாதிரி ஆளுகிட்ட மாட்டிக்குவான்னு சொன்னேன். பல்லை மாட்டினதும் ஒண்ணே ஒண்ணுதான் சொன்னாரு, 'தோகையை உரிக்கணும்னுகூடத் தெரியாதவன்'னு. அது சம்மதம்தான். எனக்குத் தெரியும்."

எங்களுக்குக் கல்யாணமாகி ஒன்பது வருஷம் ஆகிறது. கடவுள் இரண்டு பிள்ளைகளைக் கொடுத்திருக்கிறார். பொங்கல் தோரணம் இன்றுவரை என் பொறுப்பு. உபதேசியார் இப்போது எங்களோடுதான் இருக்கிறார். மழைக்காலத்தில் ஏதாவது ஒரு பூச்சி ஜன்னல் வழியாக வந்து டியூப்லைட்டைச் சுற்றினால் போதும், ஜெசி சமையலறையிலிருந்தே குரல் கொடுப்பாள்.

"ஏங்க, உங்க ஆளுங்க வந்திருக்காங்க. காபி போடட்டுமா?"

பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரிக்கும். மாமனார் சிரிக்க மாட்டார். பேப்பரைக் கீழே வைத்துவிட்டு, பூச்சி வெளியே போகும்வரை வாயைக் கையால் பொத்திக்கொண்டு என்னையே பார்த்துக்கொண்டிருப்பார்.