உறிஞ்சு மகானின் உப்பு

மண்டப வாசலில் செருப்பு மலை. உள்ளே, வீங்கிச் சிவந்த கால் கட்டைவிரல்களை நீட்டிக்கொண்டு பக்தர் கூட்டம். ஊருக்கெல்லாம் யூரிக் அமிலம் ஏறிவிட்டது. இறக்கிவைக்க மகான் வந்துவிட்டார்! ரத்தப் பரிசோதனை வேண்டாம், மாத்திரை வேண்டாம். கட்டைவிரலில் வாய் வைத்து ஒரே உறிஞ்சு. பிறகு உள்ளங்கையில் துப்புவார். பளபளவென்று ஒரு வெள்ளைக் கல்!

"உன் ரத்தத்துல இருந்த உப்பு" என்பார். கூட்டம் வாய்பிளக்கும். உறிஞ்சு மகான் என்று பேர் வந்தது இப்படித்தான்.

தையல்காரரும் போனார். பாவம், மெஷினை மிதித்தாலே உயிர் போகும் வலி. கல்லைப் பார்த்த மாத்திரத்தில், டாக்டர் தந்த மாத்திரையை நிறுத்திவிட்டார். மருந்து உள்ளே இருந்தால் உப்பு வெளியே வர வெட்கப்படுமாம், மகான் சொன்னது. வெட்கங்கெட்ட வீக்கம் மட்டும் கணுக்கால்வரை ஏறியது. கடை பூட்டிக் கிடந்தது. அவரோ கல்லை ஜன்னலில் வைத்து அழகு பார்த்தார்.

ஒரு காலையில் பாதிக் கல்லைக் காணோம். மீதியில் எறும்பு மொய்த்திருந்தது. மனைவி அடுப்படிக்குப் போய் உப்பு ஜாடியைத் திறந்து பார்த்தாள். அதில் ஒரு எறும்புகூட இல்லை.

அன்றே புருஷனைக் கைத்தாங்கலாக மண்டபத்துக்கு அழைத்துப் போனாள். மகான் உறிஞ்சினார், துப்பினார். அவள் அந்தக் கல்லை வாங்கி, சுவரோரம் ஊர்ந்த எறும்பு வரிசையின் அருகே வைத்தாள். பக்கத்திலேயே வீட்டிலிருந்து கொண்டுவந்த ஒரு சிட்டிகை உப்பு. எறும்புகள் உப்பைச் சுற்றிக்கொண்டு போய்க் கல்லில் ஏறின.

"என்னம்மா பண்றே?" மகான் எட்டிப் பார்த்தார்.

"ஒண்ணுமில்ல சாமி. நீங்க உப்புன்னீங்க. எறும்பு கல்கண்டுன்னு சொல்லுது. யாரை நம்புறதுன்னு பார்க்குறேன். கொஞ்சம் வாயைத் திறங்க."

மகான் வாயைத் திறக்கவில்லை. முன்வரிசைப் பக்தர் ஒருவர் அவர் விலாவில் கிச்சுகிச்சு மூட்டினார். மகான் சிரித்தார், கன்னத்தில் ஒதுக்கியிருந்த கல்கண்டெல்லாம் பொலபொலவென்று கொட்டியது! நாள் முழுக்க உப்பை அடக்கி வைத்தால் குமட்டாதா? விவரமான மகான்தான்.

முதலில் சிரித்தவர் தையல்காரர். பிறகு மண்டபமே சிரித்தது. மகான் ஓட்டம் பிடித்தார். துரத்த எல்லாருக்கும் ஆசைதான். துரத்தக் கால் வேண்டுமே!

தையல்காரர் டாக்டரிடம் போய்த் திட்டும் வாங்கினார், மாத்திரையும் வாங்கினார். வீக்கம் வற்றியது. கடையில் மெஷின் மறுபடி கடகடக்கிறது.

எறும்புக்கு மூன்று அறிவு, மனிதனுக்கு ஆறு என்று பீற்றிக்கொள்கிறோம். மூன்றை வைத்துக்கொண்டு எறும்பு கண்டுபிடித்துவிட்டது. ஆறையும் செருப்போடு சேர்த்து வாசலிலேயே கழற்றிவிட்டுப் போனால் நமக்கு எப்படித் தெரியும்?