காலுக்குச் சுற்றளவு

மதிப்பிற்குரிய வாரப் பத்திரிகை ஆசிரியர் ஐயா அவர்களுக்கு,

நானும் என் இரண்டு கால்களும் அவற்றின் பத்து விரல்களும் நலம். தங்கள் நலத்தையும், தங்களைத் தாங்கி நிற்கிற கால்களின் நலத்தையும் அறிய ஆவல். எனக்கு எழுதப் படிக்கத் தெரியாது. இந்தக் கடிதத்தில் கை என் மருமகளுடையது, வாய் என்னுடையது. அவள் பஸ் கண்டக்டர். ஓடுகிற வண்டியில் டிக்கெட்டுக்குப் பின்னால் பாக்கிச் சில்லறையை எழுதிப் பழகியவள், அதனால் எழுத்து பொடிப்பொடியாக இருக்கும், பொறுத்துக்கொள்ளவும்.

நான் சொல்ல வந்தது எந்த வருஷம் நடந்தது என்றால், சர்க்கஸ் கூடாரம் சூறைக்காற்றில் பறந்துபோய்க் கோர்ட் கட்டடத்தின் மேல் கவிழ்ந்ததே, அந்த வருஷம். தீர்ப்புக்காக நின்றிருந்த இரண்டு திருடர்கள் கூடாரத்துக்குள் நுழைந்து, கோமாளிகளாக வெளியே வந்து, சர்க்கஸோடேயே ஊரை விட்டுப் போனார்கள். அதே வருஷம்தான் ஆற்றுப் பாலத்தின் நடுக்கால் அரையடி உட்கார்ந்து, பஸ்ஸில் போகிறவர்கள் எல்லாரும் பாலத்தின் நடுவில் ஒருவருக்கொருவர் வணக்கம் சொல்வதுபோல் குனிந்து எழுந்தார்கள். இப்போது தங்களுக்கு வருஷம் புரிந்திருக்கும்.

விஷயத்துக்கு வருகிறேன். காட்டு வேலைக்கும் வெளிவேலைக்கும் உழைக்கிற பூட்ஸைத் தேர்ந்தெடுப்பது எப்படி என்று தங்கள் பத்திரிகையில் போன வாரம் வந்த கட்டுரையை, முடிதிருத்தும் கடைக்காரர் எனக்கு உரக்கப் படித்துக் காட்டினார். என் தலையில் பாதி முடிந்திருந்தது. கட்டுரை எழுதியவர் நல்ல மனிதராகத்தான் இருக்க வேண்டும். விரல் பக்கம் இரும்புத் தொப்பி வேண்டும் என்கிறார், ஒத்துக்கொள்கிறேன். கணுக்காலை மூட வேண்டும் என்கிறார், ஒத்துக்கொள்கிறேன். சோல் ஒட்டினதாக இருக்கக் கூடாது, தைத்ததாக இருக்க வேண்டும், லேஸுக்கு அடியில் இருக்கிற நாக்கை இரண்டு பக்கமும் சேர்த்துத் தைத்திருந்தால்தான் மரத்தூளும் அட்டைப்பூச்சியும் உள்ளே போகாது என்கிறார், அவர் இருக்கும் திசை பார்த்துக் கும்பிடுகிறேன். ஆனால் அடுத்த வரியில் "பாதத்தின் நீளத்தை அளந்து வாங்குக" என்று வந்ததும் நான் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டேன்.

"உக்காருங்க பெருசு, கத்தி காதுல பட்டுடும்" என்றார் கடைக்காரர்.

"காது போனா ஒண்ணுதான்யா போகும். இதைக் கேட்டு ஊர்ல எத்தனை பேருக்குக் கால் போகப்போகுதோ!" என்று சொல்லிவிட்டு, பாதித் தலையோடேயே வீட்டுக்கு வந்து மருமகளை உட்கார வைத்துவிட்டேன். தெருவில் என்னைப் பார்த்தவர்கள் ஒரு பக்கத்திலிருந்து ஒருவன் போகிறான் என்றும் மறுபக்கத்திலிருந்து வேறொருவன் போகிறான் என்றும் நினைத்தார்களாம். பரவாயில்லை.

அந்த வருஷம் நான் மலைமேல் மரம் வெட்டும் முகாமில் இருந்தேன். குள்ளம், அகலம், பாதம் அதைவிட அகலம், ஆகவே எனக்கு உரல் என்று பெயர். என்னோடு ரம்பம் இழுத்தவன் கொக்கு. பெயரைச் சொன்னாலே ஆள் தெரிந்துவிடும். இரண்டு பக்கமும் பிடி வைத்த பெரிய ரம்பம், ஒரு முனையில் அவன், மறு முனையில் நான். அவன் இழுக்கும்போது நான் விட வேண்டும், நான் இழுக்கும்போது அவன் விட வேண்டும். புருஷன் பெண்டாட்டிக்குக்கூட அப்படி விட்டுக்கொடுக்க வராது. எங்களுக்கு வந்தது. இப்படிப் போய்க்கொண்டிருக்கையில் கம்பெனி அதிகாரி ஒருவர் கூர்முனை வைத்த பட்டணத்து ஷூவோடு காட்டைப் பார்வையிட வந்து, மழையில் நனைந்த மரப்பட்டைமேல் கால் வைத்து, விரித்த குடையை விடாமல் சரிவில் உட்கார்ந்தபடியே ஓடைவரை போய்ச் சேர்ந்தார். மேலே நின்ற எங்களுக்குக் குடை மட்டும் தனியாக இறங்கிப் போவதுதான் தெரிந்தது. சிரிக்காமல் இருக்கக் கொக்கு ரம்பத்தின் பிடியைக் கடித்தான், பல் தடம் கடைசிவரை அதில் இருந்தது. மறுநாளே உத்தரவு வந்துவிட்டது: அடுத்த மாதம் முதல் தேதியிலிருந்து இரும்புத் தொப்பி வைத்த பூட்ஸ் இல்லாதவன் காட்டுக்குள் நுழையக் கூடாது, கீழே பட்டறையில் பட்டை உரிக்கப் போகலாம். என் காலில் கிடந்ததோ டயரை நானே வெட்டிச் செய்த செருப்பு. அதோடு என் முனையைப் பிடிப்பதற்கு மேஸ்திரியின் மச்சினன் ஒருவன் எப்போதடா என்று காத்துக்கொண்டிருந்தான். அவனோடு இழுத்தால் கொக்கின் தோள் ஒரே வாரத்தில் கழன்றுவிடும். அவன் இழுக்கவும் மாட்டான், விடவும் மாட்டான், தொங்குவான்.

பூட்ஸ் தைக்கிறவர் கீழே ஊரில் கடை வைத்திருந்தார். அவருக்கு மலையேற முடியாது, கால் அளவைச் சொல்லி அனுப்புங்கள், தைத்து அனுப்புகிறேன் என்றார். அளவு என்றதும் எங்கள் முகாமில் மரம் அளக்கிறவர் டேப்போடு எழுந்துவிட்டார். இருபது ஆள் கட்டிப்பிடித்தாலும் கைக்கு எட்டாத மரத்தையெல்லாம் அளந்த மனுஷன், அவருக்கு முன்னால் யார் பேசுவது? வரிசையாக எங்களை நிறுத்தி, ஒவ்வொருவன் பாதத்தையும் டேப்பால் ஒரு சுற்று சுற்றி, இறுக்கி, ஒரு எண் சொன்னார். நான்தான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இல்லாமல் கேட்டேன்.

"நீளம் எடுக்க வேண்டாமாண்ணே?"

"நீளமா? மரத்துக்கு நீளம் எப்ப வரும்? அறுக்கும்போது வரும். சுத்தளவு சரியா இருந்தா நீளம் தானா வந்து நிக்கும்."

"இது காலுண்ணே."

"நின்னா மரம், நடந்தா காலு. நீ இப்ப நிக்கிறியா, நடக்கிறியா?"

நின்றுகொண்டுதான் இருந்தேன், ஆகவே காலை நீட்டிக் கொடுத்தேன். என் பாதத்தைச் சுற்றி முடித்தவர் குதிகாலில் இருந்த வெடிப்பைத் தடவிப் பார்த்து, "பட்டை தடிப்பா இருக்கு, ஒரு விரல் கழிச்சுக்க" என்றார். கழித்தும் என் கணக்கு பன்னிரண்டு அங்குலம் வந்தது. எல்லாருடைய அளவையும் லாரி டிரைவரிடம் வாயால் சொல்லி அனுப்பினார்கள்.

பூட்ஸ் சாக்கில் வந்து இறங்கிய அன்று முகாமே கல்யாண வீடு மாதிரி இருந்தது. ஐயா, சத்தியமாகச் சொல்கிறேன், அத்தனை பேருக்கும் அச்சில் வார்த்ததுபோல் பொருந்தியது! விரலுக்கு முன்னால் ஒரு கட்டைவிரல் இடம், குதியில் ஆட்டமில்லை, கணுக்காலில் கடியில்லை. அளவுக்காரரைத் தோளில் தூக்கிக்கொண்டு ஆடினார்கள். கடைசியில் சாக்கின் அடியிலிருந்து என்னுடையதை வெளியே இழுத்தார்கள், இழுக்க இழுக்க நீளம் வந்துகொண்டே இருந்தது. ஆட்டம் நின்றுவிட்டது.

"டேய் உரலு, துடுப்பு எங்கடா?" என்றான் கொக்கு.

மாட்டிக்கொண்டு நடந்து பார்த்தேன். நான் போனேன், பூட்ஸ் பின்னால் வந்தது. நான் திரும்பினேன், பூட்ஸ் திரும்பவில்லை. மேஸ்திரியின் மச்சினன் போய் ரம்பத்தில் என் பிடியை மெல்லத் தடவிப் பார்த்தான். அந்தத் தடவலை என்னால் தாங்க முடியவில்லை. இரண்டையும் லேஸால் கட்டிக் கழுத்தில் போட்டுக்கொண்டு மலை இறங்கினேன்.

கடையில் பூட்ஸ்காரர் மூக்குக்கண்ணாடியை நூலால் காதில் கட்டிக்கொண்டு, தோலைப் பார்க்காமல் மோந்தே தரம் சொல்லிக்கொண்டிருந்தார். பக்கத்தில் அவர் மகள் தைத்துக்கொண்டிருந்தாள். ஊரில் அவளுக்கு ஊசி என்று பெயர். கையிலும் ஊசி, பேச்சிலும் ஊசி. நான் பூட்ஸை அவள் முன்னால் வைத்தேன்.

"யாருக்குத் தெச்சீங்க இதை?"

"கால வைங்க பாப்போம்." வைத்தேன். பார்த்தாள். "ஓ, நீங்கதானா அந்தப் பன்னிரண்டு?" என்றவள், சிரிப்பை அடக்க முடியாமல் உதட்டோரம் கடித்திருந்த ஒற்றை ஆணியைத் துப்பினாள்.

"சிரிக்காதீங்க. முதல் தேதிக்குள்ள மாத்திக் குடுங்க, இல்லேன்னா என் பொழப்பு போயிடும்."

"தோலு நனையணும், அச்சுல ஏறணும், காயணும். முதல் தேதிக்குள்ள ஆகவே ஆகாது. இதையே போட்டுக்கிட்டுப் போங்க." பழைய கம்பளித் துணியை முன்பக்கம் திணித்து, லேஸைக் கணுக்காலைச் சுற்றி இழுத்துக் கட்டிவிட்டாள். "முன்னாடி கொஞ்சம் இடம் இருந்தா நல்லதுதான். இறக்கத்துல நகம் இடிக்காது."

"கொஞ்சம் இடமா? ஒரு குடும்பத்தையே குடி வைக்கலாமே!"

"வெச்சுக்கலாம், என்ன அவசரம்? குறை இருந்தா வந்து சொல்லுங்க."

முதல் தேதி அதிகாரி வந்தார். இந்த முறை அவரும் பூட்ஸ் போட்டிருந்தார், நடந்தால் எலி கத்துவதுபோல் கத்தியது. எங்களை அடுக்கி வைத்த மரங்களுக்குப் பக்கத்தில் வரிசையாக நிற்கச் சொன்னார். என் பூட்ஸைப் பார்த்து, "இதென்ன, இரும்புத் தொப்பி உண்மைதானா?" என்று கேட்டுவிட்டு, தட்டிப் பார்க்க ஏதாவது வேண்டுமே என்று மர அடுக்குக்கு அடியிலிருந்த ஆப்பைப் பிடுங்கினார். ஆப்பைப் பிடுங்கிய குரங்கின் கதையை அவருக்குச் சின்ன வயதில் யாரும் சொல்லவில்லை போலிருக்கிறது. மேல்மரம் ஒரு முனகல் முனகியது, உருண்டது, நேராக வந்து என் இடது பூட்ஸின் மூக்கில் ஏறி உட்கார்ந்துகொண்டது. நான் போட்ட கூச்சலில் பறவைகள் காட்டை விட்டுக் கிளம்பின. கொக்கு மார்பில் அடித்துக்கொண்டு, "ஐயோ, என் உரலு போயிட்டானே! இனி நான் யாரோட இழுப்பேன்!" என்று அழுதான். அதிகாரி நின்ற இடத்திலேயே சேற்றில் உட்கார்ந்தார். நானும் மூச்சு முட்டக் கத்தி முடித்து, அடுத்த கூச்சலுக்கு மூச்சு இழுக்கும்போதுதான், ஐயா, எனக்கு வலிக்கவே இல்லை என்பது தெரிந்தது. நெம்பி மரத்தைத் தள்ளினார்கள். இரும்புத் தொப்பி, லாரி ஏறிய தகர டப்பாபோல் சப்பையாகிக் கிடந்தது. லேஸை அறுத்துக் காலை உருவினால், உள்ளே ஐந்து விரலும் கம்பளியைப் போர்த்திக்கொண்டு சுகமாக இருந்தன. விரலுக்கும் விபத்துக்கும் நடுவே அவ்வளவு இடம்! கொக்கு அழுகையோடு விரல்களை எண்ணினான், அவனுக்கு ஆறு வந்தது. கூடினாலும் பரவாயில்லை என்று என்னைக் கட்டிக்கொண்டான்.

அதிகாரி சேற்றிலிருந்தபடியே புது உத்தரவு போட்டார்: இனி எல்லாருக்கும் இந்த ஆளின் அளவிலேயே தைக்க வேண்டும். அந்தப் பருவம் முழுவதும் முகாமே படகு மாட்டிக்கொண்டு நடந்தது. ரம்பத்தின் என் முனை என்னிடமே இருந்தது. மேஸ்திரியின் மச்சினன் பட்டை உரிக்கப் போனான்.

நான் சப்பையான பூட்ஸோடு பூட்ஸ் கடைக்குப் போனேன். அவள் என் காலைத் தரையில் வைத்துக் கரியால் கோடு போட்டு வேறு ஜோடி தைத்துக் கொடுத்தாள். குதி உயரம் என்று போனேன். லேஸ் நீளம் என்று போனேன். இடது பூட்ஸ் வலதைவிடக் கொஞ்சம் கறுப்பு என்றுகூடப் போனேன். கடைசியில் பூட்ஸ்காரர் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, "தம்பி, குறை பூட்ஸ்லயா, வேற எங்கேயாவதா?" என்று கேட்டார். "வேற எங்கேயோதான்" என்றேன். "அப்ப அவளையே கேட்டுக்க" என்றார். கேட்டேன். அன்றைக்கு வாய் நிறைய ஆணி இருந்ததால் அவளால் பேச முடியவில்லை, சரி என்று தலையை மட்டும் ஆட்டினாள். அதன் பிறகு இன்றுவரை அவள் வாயில் ஆணி இருந்து நான் பார்க்கவில்லை.

ஆகவே ஆசிரியர் ஐயா, அடுத்த இதழில் கட்டாயம் திருத்தம் போடவும். நீளத்தை அளப்பது பாய் வாங்குகிறவன் வேலை. காலுக்குச் சுற்றளவுதான் எடுக்க வேண்டும், பட்டைக்கு ஒரு விரல் கழிக்க வேண்டும். அளவுக்காரர் அன்றைக்கு எடுத்த சுற்றளவில் ஒரு முகாமே பொருந்தியது, பொருந்தாத ஒருவனுக்கு விரல் பிழைத்தது. இதற்குமேல் என்ன சாட்சி வேண்டும்? இத்தனை வருஷமாக யார் பூட்ஸ் வாங்கினாலும் இதைத்தான் சொல்லிவருகிறேன். என் பேச்சைக் கேட்டு வாங்கிய சம்பந்தி இப்போது என்னோடு பேசுவதில்லை, ஆனால் அதற்கு வேறு காரணம் இருக்கலாம்.

இதை மறுத்துப் பேசவும் ஆள் இல்லை. மேஸ்திரி போய்விட்டார், அவருக்கு முன்பே மச்சினனும். அதிகாரி போய்விட்டார். பூட்ஸ்காரர் போய்விட்டார். அளவுக்காரர் போனபோது பெட்டிக்கு நீளம்தான் எடுத்தார்கள், அவருக்கு அது பிடித்திருக்காது. கொக்கு போன மழைக்கு முந்தின மழையில் போனான். ஆக, துணிந்து அச்சடிக்கலாம்.

தங்கள் பத்திரிகை படிக்கிறவர்கள் பெருகட்டும், தங்கள் காலில் முள் தைக்காதிருக்கட்டும், தலையில் மரம் விழாதிருக்கட்டும்.

இப்படிக்கு,
உரல்
(கால் கட்டைவிரல் ரேகை வைக்கலாம் என்றேன், மருமகள் ஒப்பவில்லை.)

பின்குறிப்பு: ஐயா, தபாலில் போடும் முன் மருமகள் இதை உரக்கப் படித்துக் காட்டினாள். அடுத்த அறையிலிருந்து ஒரு குரல் வந்தது.

"ஏங்க, மத்தவங்க பூட்ஸையெல்லாம் சுத்தளவுலயா தெச்சேன்னு நெனச்சுக்கிட்டிருக்கீங்க, இத்தனை வருஷமா?"

"பின்னே?"

"கொக்கண்ணன் செருப்பு, மேஸ்திரி செருப்பு எல்லாம் எங்க கடைக்குத்தான் தைக்க வரும். ஒவ்வொருத்தர் காலும் எனக்கு அத்துப்படி. டிரைவர் சொன்ன அளவு ஒண்ணுகூட ஒத்துவரல. சுத்தளவுன்னு அப்பவே புரிஞ்சுபோச்சு. அதைத் தூக்கிப் போட்டுட்டு என் கணக்குக்குத் தெச்சு அனுப்பினேன்."

"அப்ப என்னோடது?"

"நீங்கதான் டயரை நீங்களே வெட்டி மாட்டிக்கிட்டுத் திரிஞ்சீங்களே, எங்க கடை வாசலை மிதிச்சதுண்டா? தப்புன்னு தெரிஞ்சேதான் தெச்சேன். அப்படி ஒரு காலை வெச்சிருக்கிறது எந்த ஆளுன்னு பாக்கணும்போல இருந்துச்சு. சரியா தெச்சு அனுப்பியிருந்தா நீங்க எதுக்கு மலை எறங்கி வரப்போறீங்க?"

மருமகள் சிரிக்கிற சிரிப்பில் பேனா ஆடுகிறது, எழுத்து கோணினால் அவள்தான் காரணம். கட்டுரையாளர் சொன்னதே சரி, நீளத்தையே அளக்கவும். இந்தக் கடிதத்தை அச்சடிக்க வேண்டாம். மறுத்துப் பேச ஆள் இல்லை என்று மேலே எழுதியதையும் அடித்துவிடவும். அந்த முகாமையும் அந்தப் பூட்ஸையும் அறிந்தவர்களில் என்னைத் தவிர இன்னும் ஒருத்தி உயிரோடு இருக்கிறாள்: ஊசி.