ஒரு ஆள் போசி

பழனி மலையைக் கண்ணால்கூடப் பார்க்காமல், பழனிக்கு நடப்பது எப்படி என்று சூரமங்கலம் முழுவதற்கும் பாடம் சொன்னவர் உலகத்திலேயே ஒருவர்தான். எங்கள் ரயில்வே பார்சல் ஆபீஸ் போசிக்காரர். அவருடைய சொந்தப் பெயர் சம்பளத்தன்று மட்டும்தான் காதில் விழும்.

அவர் மனைவியை நான் அக்கா என்பேன். ஒரு வருஷம் அக்காவுக்கு அம்மை கண்டு, பிழைப்பதே சந்தேகமாகிவிட்டது. அவள் எழுந்தால் தனியாளாகப் பழனிக்கு நடக்கிறேன், வழியில் யார் கைச்சோறும் தொடாமல் நானே பொங்கித் தின்கிறேன் என்று இவர் வேண்டிக்கொண்டார். அக்கா எழுந்துவிட்டார். இவரால்தான் கிளம்ப முடியவில்லை. தோளுக்கு லேசாக, ஒரு ஆள் சோறு பொங்கத் தோதாக ஒரு போசி அமையவில்லை.

சேலம் கடைவீதியில் அவர் தட்டிப் பார்க்காத பாத்திரம் கிடையாது. வாங்கியதை நேரே கொண்டுவந்து ஆபீஸ் தராசில் வைப்பார். வாழைத்தார் நிறுக்க வந்தவர்கள் பின்னால் நின்று புலம்புவார்கள்.

"ஏனுங்க, எங்க தாரு அழுகிப்போயிருமுங்க!"

"இருங்க சாமி, முருகன் காரியம் ஓடிட்டிருக்குது."

முதலில் வந்தது ஒரு குட்டி அலுமினியப் போசி. அலுமினியம் அப்போது ஊருக்குப் புதிது. தராசு முள் அசைந்ததா என்று கண்ணாடியைத் துடைத்துவிட்டுப் பார்த்தோம். குவார்ட்டர்ஸ் கொல்லையில் மூன்று கல் வைத்து ஒத்திகை நடந்தது. வீட்டு உழக்கில் முழுசாக அளந்து அரிசி போட்டார். அக்கா கற்றுக்கொடுத்த அளவு அதுதான், அவருக்கு வேறு தெரியாது. சோறு பொங்கிப் பொங்கி வழிந்து அடுப்பையே அணைத்துவிட்டது. போசி பத்தாது என்று தீர்ப்புச் சொல்லிப் பரணில் எறிந்தார்.

அடுத்தது மண்சட்டி. முதுகில் கட்டியிருப்பதை மறந்து ஆபீஸ் சுவரில் சாய்ந்தார், அதன் கதை முடிந்தது. பிறகு பெரிய பித்தளைப் போசி. அதில் சோறு வழியவில்லை. ஆனால் சுமந்து நடந்து பார்த்த ஒத்திகையில், மகுடஞ்சாவடி சேர்வதற்குள் ஆளையே ஒரு பக்கம் சாய்த்துவிட்டது. ரயிலேறித் திரும்பியவர், கோணிய கழுத்தோடு ஸ்டேஷன் மாஸ்டரைக்கூட ஓரக்கண்ணால்தான் பார்த்தார். சின்னது வாங்கினால் வழியும், பெரிது வாங்கினால் கழுத்து போகும். இப்படியே தை மாதங்கள் வந்து வந்து போயின.

ஒத்திகைச் சோற்றில் பக்கத்து வீட்டுப் பிரம்மச்சாரியான எனக்கும் பங்கு உண்டு. ஒரு ஆள் சோற்றில் என் வயிறும் எப்படி நிறைகிறது என்று எனக்குத் தோன்றவே இல்லை.

அக்கா கேலி செய்வார். "உங்க வேண்டுதலு பாத்திரக் கடையிலயே தீந்துருமாட்ட இருக்குதுங்க."

அவர் சிரிக்கமாட்டார். "உன்ற உசுருக்காகச் சாமிகிட்டச் சொன்ன சொல்லு புள்ள. செய்யாமச் செத்தா எனக்கு நெஞ்சு வேகாது."

செய்யாமல்தான் போனார். ஐப்பசி மழையில் காய்ச்சலோடு படுத்தவர் எழவே இல்லை.

வருஷம் திரும்பி, தை பிறந்ததும் அக்கா என்னைக் கூப்பிட்டார். "பரண்மேல அந்தக் குட்டி அலுமினியப் போசி கெடக்குது, எடுத்துக் குடுங்க தம்பி. அவுங்க சொன்னத நாஞ் செஞ்சுட்டு வாரேன்."

"அது பத்தாதுன்னு அண்ணன் தூக்கிப் போட்டதாச்சுங்களே?"

"பத்துமுங்க தம்பி. அந்த உழக்கு எங்க ரெண்டு பேத்துக்கும் சேத்தி அளக்கறது. ஒரு ஆளுக்கும் அதையே ரொப்பிக் கொட்டுனாங்க. பாதி போட்டிருந்தா மொத நாளே சரியா வெந்திருக்கும்."

"அக்கா, அப்பவே சொல்லியிருக்கலாமுங்களே?"

அவர் போசியை முந்தானையால் துடைத்துக்கொண்டே இருந்தார். "சொன்னாத் தனியாக் கெளம்பியிருவாங்களே. வழியில ஒண்ணு கெடக்க ஒண்ணு ஆயிட்டா? அனுப்ப மனசு வரலீங்க. இப்பப் பாருங்க, அவுங்க சொல்லையும் கெடுத்து, ஆளையும் உட்டுப்போட்டு நிக்கறேன்."

அக்கா நடந்து, பழனியைப் பார்த்து, காலெல்லாம் வெடித்துத் திரும்பினார். பாதி உழக்குக்குப் போசி சரியாக இருந்ததா என்று கேட்டேன்.

"தெரியலீங்க தம்பி. கை முழு உழக்குத்தான் போட்டுச்சு. தெனமும் வழிஞ்சு அடுப்பு அணைஞ்சு போச்சுங்க."

எத்தனையோ நல்ல சாப்பாடு அதன்பிறகு சாப்பிட்டுவிட்டேன். அந்த அரைவேக்காட்டுச் சோற்றுக்கும் அதைப் போட்ட மனிதருக்கும் இன்னும் எனக்கு ஏக்கம் தீரவில்லை.