இம்பாலாவும் பேரவையின் நடுநிலையும்

டெக்சாஸ் மாநிலம் பிளானோ நகரில் வாழும் தமிழர்களுக்குப் பழைய அமெரிக்கக் கார்களைப் பற்றி ஒரு கருத்து இருந்தாக வேண்டும் என்று யாரும் கேட்கவில்லை. யாரும் கேட்காத காரணத்தாலேயே அந்தத் தேவை நெடுங்காலம் நிறைவேறாமல் கிடந்தது. அந்தக் குறையைப் போக்கும் பொருட்டுத் தோன்றியதுதான் பிளானோ வட்டாரத் தமிழர் தொன்மைக் கார் ஆர்வலர் பேரவை.

பேரவையில் நான்கு பேர். நால்வருமே பதவியில் இருந்தார்கள். வெறும் உறுப்பினர் என்று எவரும் இல்லை. தலைவர் சேனாபதி, லெகசி என்ற அலுவலகப் பகுதியில் ஒரு பெரிய கம்பெனியில் டைரக்டர். தொழில்நுட்ப ஆலோசகர் பத்மநாபன், அடுத்தவர் எழுதிய மென்பொருளில் குற்றம் கண்டுபிடிப்பதையே உத்தியோகமாகக் கொண்டவர். பொருளாளர் திருமூர்த்தி, பேரவைக்குப் பொருள் என்று எதுவும் இல்லாததால் அவர் நிர்வாகத்தில் இதுவரை ஒரு குறையும் நேர்ந்ததில்லை. செயலாளர் வெங்கடாசலம். பெருந்துறைக்காரர், ஐம்பதைத் தாண்டியவர், போனில் தமிழ் டைப் செய்யத் தெரிந்த ஒரே ஆள் என்பதால் செயலாளர் ஆனவர். இந்தக் கதை அவருக்கு நேர்ந்தது.

பேரவையின் பணி எளிமையானது. உள்ளூரில் யாராவது பழைய கார் ஒன்றை விற்பனைக்குப் போட்டிருந்தால் சனிக்கிழமை காலை அங்கே போக வேண்டும். பார்க்க வேண்டும். குறை சொல்ல வேண்டும். திரும்பி வந்து தோசை சாப்பிட வேண்டும். இதற்கென்று கட்டம் போட்ட தட்டைத் தொப்பியும் விரல் வெட்டிய தோல் கையுறையும் சீருடையாக ஏற்கப்பட்டிருந்தன. ஜூலை மாத டெக்சாஸ் வெயிலில் தோல் கையுறை போட்டால் கை வெந்துபோகும். ஆனால் கையுறை இல்லாதவனை விற்கிறவன் மதிக்க மாட்டான் என்று பத்மநாபன் ஒரு வீடியோவில் பார்த்திருந்தார். நால்வரும் சேனாபதியின் எலக்ட்ரிக் காரில்தான் போவார்கள். அதில் ஏசி நன்றாக இருக்கும்.

பேரவை அதுவரை எந்தக் காருக்கும் சம்மதம் தந்ததில்லை. ஆலன் என்ற ஊரில் பார்த்த மஸ்டாங்குக்குப் புதுப் பெயின்ட் அடித்திருந்தார்கள். எதை மறைக்க அடித்தார்கள் என்ற கேள்விக்கு விடை கிடைக்கவில்லை. அடுத்த வாரம் பார்த்த காடிலாக்குக்குப் பெயின்ட் அடிக்கவே இல்லை. உரிமையாளருக்குப் பொறுப்பில்லை என்று முடிவாயிற்று. ஒரு கார் மிகக் குறைவாக ஓடியிருந்தது சந்தேகத்துக்கு இடம் தந்தது. இன்னொன்று நிறைய ஓடியிருந்தது. வேறொரு காரில் எந்தக் குறையும் தென்படாதபோது, பழைய காரில் குறையே இல்லாமல் இருப்பது இயற்கைக்கு மாறானது என்று பத்மநாபன் கருத்துத் தெரிவித்தார். அதுவும் நிராகரிக்கப்பட்டது.

விதிகளில் தலையானது, எந்தக் காரையும் ஓட்டிப் பார்க்கக் கூடாது என்பது. ஓட்டினால் பிடித்துப் போகும். பிடித்துப் போனால் நடுநிலை கெடும்.

அந்தச் சனிக்கிழமை மெக்கின்னி பக்கம் டேல் என்ற பெரியவர் வீட்டுக்குப் போயிருந்தார்கள். அறுபத்து நான்காம் வருஷத்து இம்பாலா. வெளிர் நீலம். சின்னக் கல்யாண மண்டபம் அளவுக்கு நீளம். டேலுக்குக் கண் பார்வை மங்கிக்கொண்டு வந்ததால் டாக்டர் ஓட்டக் கூடாது என்று சொல்லிவிட்டார். அதனால் விற்கிறார். மடக்கு நாற்காலியில் உட்கார்ந்து, தன் காரைப் பற்றி நால்வர் பேசுவதைக் கேட்டுக்கொண்டிருந்தார். தமிழ் புரியாது என்றாலும் பத்மநாபன் டயரை உதைத்த விதத்தில் அவருக்கு எல்லாம் புரிந்திருக்க வேண்டும்.

தீர்மானத்தின் வாசகத்தை ஒழுங்கு செய்ய மூவரும் மரநிழலுக்குப் போனார்கள். கார் "ஏற்கத்தக்கதல்ல" என்பதா, "ஏற்கத்தக்க நிலையில் இல்லை" என்பதா என்று விவாதம் நீண்டது. வெங்கடாசலம் காருக்குப் பக்கத்திலேயே நின்றுவிட்டார். உனக்குக் கார் ஓட்டத் தெரியுமா என்று டேல் அவரைக் கேட்டார். தெரியும் என்றார். பெரியவர் பையிலிருந்து சாவியை எடுத்து நீட்டினார். நீட்டியதை வாங்காமல் இருப்பது மரியாதை இல்லை என்பதற்காக மட்டுமே அவர் அதை வாங்கினார்.

மரநிழலில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தபோது செயலாளரைக் காணவில்லை. காரையும் காணவில்லை.

ஸ்டியரிங் லேசாக ஆடியது. உட்காரும் இடம் சோபா மாதிரி இருந்தது. கண்ணாடியை இறக்கியதும் பெட்ரோல் வாசனையும் காய்ந்த புல் வாசனையும் சேர்ந்து வந்தன. மாடு மேய்கிற நிலங்களுக்கு நடுவே போகும் அந்தச் சாலையில் வெங்கடாசலத்துக்குச் சிரிப்பு வந்தது. அவர் அலுவலகத்தில் சிரிப்பதுண்டு. அங்கே எப்போதும் காரணம் இருக்கும், மேலதிகாரி ஜோக் சொல்லியிருப்பார். இங்கே ஒரு காரணமும் இல்லாமல் சிரிப்பு வந்தது. அது நிற்கவும் இல்லை. திரும்பி வந்து இறங்கியவர் டேலைப் பார்த்து, "எடுத்துக்கறேனுங்க" என்றார். தமிழில் சொன்னோம் என்பது பிறகுதான் உறைத்தது. டேல் எழுந்து கையைப் பிடித்துக் குலுக்கினார்.

மறுநாளே தோசைக் கடையில் பேரவையின் அவசரக் கூட்டம் கூடியது. நட்பு முறையில் கேட்பதாகச் சொல்லிவிட்டுச் சேனாபதி விசாரணையைத் தொடங்கினார்.

"வெங்கட், நாம யாரு? ஆர்வலர். ஆர்வம்னா என்ன? இல்லாத பொருள் மேல வர்றது. நீங்க வாங்கிட்டீங்க. இப்ப உங்களுக்கு ஆர்வம் எப்படி இருக்க முடியும்?"

"புடிச்சிருந்துதுங்க."

"அதைத்தான் சொல்றேன். பயஸ். ஒருதலைப்பட்சம்."

தான் சரியில்லை என்று சொன்ன ஒரு பொருளைத் தனக்குத் தெரிந்த ஒருவர் காசு கொடுத்து வாங்குவது தொழில் வாழ்க்கையிலேயே இதுதான் முதல் தடவை என்று பத்மநாபன் வருத்தப்பட்டார். விளக்கம் கேட்டு வாட்ஸ்அப்பில் நோட்டீஸ் அனுப்புவது என்று முடிவாயிற்று. நோட்டீஸ் அனுப்ப வேண்டியது செயலாளரின் கடமை. வெங்கடாசலம் தனக்கே அனுப்பி, கிடைக்கப்பெற்றதாகத் தனக்கே பதிலும் போட்டார்.

வீட்டில் இவ்வளவு சிக்கல் இல்லை. அவர் மனைவி வசந்தாமணி மருத்துவமனை லேப் ஒன்றில் வேலை பார்க்கிறவள். காரை ஒரு சுற்றுச் சுற்றி வந்து, நிறம் நன்றாக இருக்கிறது என்றாள். அவளுடைய ஆய்வு அத்துடன் முடிந்தது. பள்ளிக்கூடம் போகும் மகள் வெண்பா பின் சீட்டில் படுத்துப் பார்த்து, இடம் போதும் என்றாள்.

ஆனால் அடுத்த வாரம் ஹெச்.ஓ.ஏ. கடிதம் வந்தது. எந்த வீட்டுப் புல் எவ்வளவு உயரம் வளரலாம், கதவுக்கு எந்தப் பழுப்பு நிறம் அடிக்கலாம் என்பதையெல்லாம் தீர்மானிக்கிற குடியிருப்புச் சங்கம் அது. வீட்டு வாசலில் அசையாமல் நிற்கும் பழைய வாகனம் குப்பை என்று கருதப்படும் என்று கடிதம் சொன்னது. கீழே தலைவரின் கையெழுத்து: சேனாபதி. எதிர்வீட்டில் இருப்பவர் அவர்தான்.

வெங்கடாசலம் தெருவைக் கடந்து போய், கராஜில் வைக்கலாம் என்றால் அங்கே டிரெட்மில்லும் அரிசி மூட்டையும் ஊர் சூட்கேஸ்களும் இருக்கின்றன என்று விளக்கினார். சேனாபதி தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். இப்போது தான் பேரவைத் தலைவர் அல்ல, ஹெச்.ஓ.ஏ. தலைவர் என்பதற்கு அது அடையாளம். அசையாமல் நின்றால்தானே குப்பை, தினமும் அசைத்தால் சரி என்று வழி சொன்னார். வெங்கடாசலம் தினமும் தெருவை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். சத்தம் அதிகம் என்று இரண்டாவது கடிதம் வந்தது. ஓட்டுவதை நிறுத்தித் துணி போட்டு மூடினார். மூடி வைக்கப்பட்ட பொருள் அக்கம்பக்கத்தாரிடம் ஐயத்தைத் தூண்டுவதாக மூன்றாவது கடிதம் வந்தது.

கடைசியில் சேனாபதியே வழி கண்டுபிடித்தார். காரை விற்பனைக்கு என்று போர்டு மாட்டிவிட வேண்டும். விற்பனைக்குரிய பொருள் தற்காலிகமானது, தற்காலிகமானதற்கு ஹெச்.ஓ.ஏ. விதி பொருந்தாது. அதோடு, உள்ளூரில் விற்பனைக்கு வந்த பழைய கார் என்பதால் அது பேரவையின் வரம்புக்குள் வந்துவிடும். வெங்கடாசலம் தன் காரைத் தானே ஆய்வு செய்கிற ஆர்வலராக நீடிக்கலாம். யாரும் வாங்கிவிடாதபடி விலையை மட்டும் வானத்தில் வைத்தால் போதும். இந்த ஏற்பாட்டின் நேர்த்தியைக் கண்டு வெங்கடாசலத்துக்கே கண் கலங்கியது. நன்றி சொன்னார்.

ஒரே நிபந்தனை, ஆய்வில் இருக்கும் பொருளின் நிலை மாறக் கூடாது. ஆகவே காரை ஓட்டக் கூடாது. சாவி திருமூர்த்தியிடம் ஒப்படைக்கப்பட்டது. பொருளாளர் வசம் முதல்முறையாக ஒரு பொருள் வந்து சேர்ந்தது.

அதன் பிறகு சனிக்கிழமைதோறும் வெங்கடாசலத்தின் வாசலில்தான் ஆய்வு. காரைச் சுற்றிக் கயிறு கட்டினார்கள். வசந்தாமணி காபி போட்டாள். ஒரே காரைத் திரும்பத் திரும்பப் பார்த்ததில் பேரவையின் விமர்சனம் முன் எப்போதும் இல்லாத ஆழத்தை எட்டியது. பம்பரின் வளைவில் தன்னடக்கம் இல்லை என்று திருமூர்த்தி கூடச் சொல்ல ஆரம்பித்தார். செய்தி பரவியது. மற்ற குடும்பங்கள் வந்தன. தொப்பி போட்டுக்கொண்டு வந்தார்கள்; தொப்பி கிடைக்காதவர்கள் வருத்தம் தெரிவித்துக்கொண்டே வந்தார்கள். காரின் முன்னால் நின்று முகத்தைச் சுளித்தபடி போட்டோ எடுத்துக்கொள்வது பிளானோவில் ஒரு நாகரிகமாயிற்று. பக்கத்து ஊரான பிரிஸ்கோவில் போட்டிப் பேரவை ஒன்று தொடங்கப்பட்டது. அவர்கள் காரைப் பார்ப்பதில்லை, பிளானோ பேரவை பார்ப்பதைப் பார்த்துக் குறை சொன்னார்கள்.

வெண்பா ஒரு நாள் கேட்டாள். "அப்பா, நீங்க வாங்கினது காரா, மீட்டிங்கா?"

 சாயங்காலங்களில் ஆபீஸ் விட்டு வந்ததும் வெங்கடாசலம் கயிற்றைத் தாண்டி உள்ளே போய் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி கொஞ்ச நேரம் உட்கார்ந்திருப்பார். உட்காரக் கூடாது என்று விதி இல்லை. அந்தச் சிரிப்பு திரும்ப வருகிறதா என்று பார்ப்பார். வராது. சாவி இல்லாமல் வராது போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டு சாப்பிடப் போவார்.

ஒரு சனிக்கிழமை வசந்தாமணிக்கு அவசரமாக லேபுக்குப் போக வேண்டியிருந்தது. அவளுடைய வேனுக்குப் பின்னால் பிரிஸ்கோக்காரர்கள் வரிசையாக வண்டி நிறுத்தியிருந்தார்கள். யாருடைய வண்டி என்று இரண்டு தடவை கேட்டாள். கண்ணாடிச் சட்டத்தின் தத்துவத்தைப் பத்மநாபன் விளக்கிக்கொண்டிருந்ததால் யாரும் காதில் வாங்கவில்லை. இம்பாலாவுக்குப் பின்னால் மட்டும், பார்வையாளர் தள்ளி நின்று ரசிப்பதற்காக இடம் விட்டிருந்தது. அவள் நேராகத் திருமூர்த்தியிடம் போய்க் கையை நீட்டினாள். வாராவாரம் காபி கொடுத்த கை. அவர் சாவியைக் கொடுத்துவிட்டார்.

கயிற்றை அவிழ்த்தாள். விற்பனைப் போர்டைக் கழற்றிப் புல்மேல் வைத்தாள். கார் இரண்டு முறை இருமி, பிறகு கிளம்பியது. கூட்டம் விலகியது. வெண்பா ஓடி வந்து பின்னால் ஏறிக்கொண்டாள். வசந்தாமணி எட்டி முன் கதவைத் திறந்தாள்.

"ஏனுங்க, வாரீங்களா? லேப்ல சித்தங்கூரம்தான் வேலை. முடிச்சுட்டு அப்படியே லவான் ஏரிப் பக்கம் போய்ட்டு வந்தரலாம்."

வெங்கடாசலம் ஒரு அடி எடுத்து வைத்தார். காருக்குள்ளிருந்து பெட்ரோல் வாசனை வந்தது. சேனாபதி தொப்பியைச் சரி செய்துகொண்டு அவரைப் பார்த்தார். பிரிஸ்கோக்காரர்களும் பார்த்தார்கள்.

"போன வாரக் கூட்டத்தோட மினிட்ஸ் இன்னும் படிச்சு முடிக்கலை, வசந்தா," என்றார் வெங்கடாசலம். "நீ போய்ட்டு வா."

அவள் ஒரு கணம் அவர் முகத்தையே பார்த்தாள். கோபம் இல்லை. பிறகு கதவை இழுத்துச் சாத்திக்கொண்டு போய்விட்டாள்.

 பேரவையின் வரலாற்றில் ஆய்வுப் பொருளே எழுந்து போனது இதுதான் முதல் முறை. பத்மநாபன்தான் நிலைமையைக் காப்பாற்றினார். கார் நின்ற இடத்தில், சிமென்ட் தரையில், தோசைக்கல் அளவுக்கு ஓர் எண்ணெய்க் கறை இருந்தது. அவர் குனிந்து கையுறை விரலால் தொட்டு முகர்ந்தார். அவர் முகத்தில் மெல்ல நம்பிக்கை பிறந்தது. கூட்டம் நெருங்கி வந்தது. கறையின் விளிம்பு சீராக இல்லை என்று யாரோ ஆரம்பித்தார்கள்.

சேனாபதி தொப்பியைக் கழற்றி, வாசலில் கறை இருப்பது விதிமீறல் என்றார். தொப்பியை மறுபடி போட்டுக்கொண்டு, ஆனால் இதில் ஆய்வுக்கு இடமிருக்கிறது என்றார். அப்போது வெங்கடாசலம் மினிட்ஸிலிருந்து தலையைத் தூக்கி, இந்தக் கறையும் விற்பனைக்கு உரியது என்று அறிவித்துவிட்டால் என்ன என்று கேட்டார். புல்மேல் கிடந்த போர்டை எடுத்து வந்து கறைக்குப் பக்கத்தில் நட்டார்கள். தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது. பிரிஸ்கோக்காரர்கள் கூடக் கை தட்டினார்கள்.

இப்போது வசந்தாமணி தினமும் இம்பாலாவில்தான் வேலைக்குப் போகிறாள். சனிக்கிழமைகளில் அவளும் வெண்பாவும் எங்கெங்கோ போய்விட்டு, முடி கலைந்து, வெயிலில் சிவந்து திரும்பி வருகிறார்கள். வாசலில் கூட்டம் குறையவில்லை. நடுவில் கார் மறைக்காததால் எல்லோருக்கும் நன்றாகத் தெரிகிறது.

தெருமுனையில் அந்த எஞ்சின் சத்தம் கேட்கும்போது வெங்கடாசலம் எழுதுவதை நிறுத்தித் தலையை நிமிர்த்துவார். சேனாபதி தொண்டையைக் கனைப்பார். செயலாளர் உடனே குனிந்து, சத்தம் அதிகம் என்று குறித்துக்கொள்வார்.