ஒன்பது பிள்ளைகளின் பேரணி

சேத்தூருக்கு மேற்கே, புளியடிப்பட்டி அரசுத் தொடக்கப்பள்ளியில் ஒன்பது பிள்ளைகள் படித்தார்கள். வெள்ளிக்கிழமைக்குள் பத்தாவது பிள்ளை சேராவிட்டால் பள்ளியை மூடி, ஒன்பது பேரையும் சேத்தூருக்கு பஸ் ஏற்றிவிட வேண்டும் என்று சுற்றறிக்கை வந்தது.

தரத்தில் குறையில்லை. ஐந்தாம் வகுப்பில் இருந்தது முத்துப்பேச்சி ஒருத்திதான். முதலிடம் அவளே, கடைசி இடமும் அவளே. ஆகவே பரிசுக் கோப்பையும், மெல்லக் கற்போருக்கான சிறப்பு வகுப்பும் ஒரே நாளில் அவளுக்கு வழங்கப்பட்டன.

தலைமையாசிரியை பரிபூரணம் வீடு வீடாக நடந்தார். மாரியாத்தாள் நாற்காலி போட்டாள்.

"எம் மவன உங்ககிட்டயே விடுதேன் டீச்சர். டை உண்டுமா?"

"காலைச் சாப்பாடு உண்டும்மா. புத்தகம், பை, செருப்பு எல்லாம் சும்மா."

"அம்புட்டும் தாறீய, ஒரு டை தர ஏலலயே! கழுத்துல ஒண்ணும் தொங்கலன்னா படிப்பு எப்படி ஏறும்?"

அடுத்து, அலுவலக உத்தரவுப்படி மாணவர் சேர்க்கைப் பேரணி. தட்டி நீளம், பிள்ளைகள் குறைவு. 'அரசுப் பள்ளி நமது பெருமை'யில் பெருமை மட்டும் தரையில் இழுபட்டது. சேத்தூரில் பிள்ளைகளை ஏற்றிவந்த தனியார் பள்ளி வேன் வழியில்லாமல் பின்னால் நின்றது. ஜன்னலெங்கும் கைகள் ஆடின. சத்துணவு சமைக்கும் சுடலையம்மாள் எல்லாவற்றையும் சேர்த்துப் படம் பிடித்து அலுவலகத்துக்கு அனுப்பினாள்.

மறுநாள் வட்டாரக் கல்வி அலுவலர் வேங்கடேசன் அந்தப் படத்தோடு ஜீப்பில் பறந்து வந்தார்.

"பிரமாதம் டீச்சர்! முப்பத்தொம்பது தலை. மூணு தடவ எண்ணிட்டேன்."

"ஒம்பதுதான் சார். மிச்சம் வேன்ல போற பிள்ளைக."

"அதனால என்ன? கைய ஆட்டுதே, ஆர்வம் இருக்குல்லா! இந்த வெள்ளை ரிப்பன் பொண்ணு வீட்டுல பேசுங்க, பத்து ஆயிரும்."

பரிபூரணத்துக்குப் பொய் சொல்லிப் பழக்கமில்லை.

"அது எம் பொண்ணு ஷெரின், சார்."

அலுவலர் எழுந்து நின்றார். "அரசுச் சம்பளம் வாங்கிக்கிட்டு, சொந்தப் பிள்ளைய..." என்று தொடங்கியவர், படத்தை மறுபடி பார்த்து உட்கார்ந்துவிட்டார். தலைகளை எண்ணியவர் முகங்களைப் பார்த்திருக்கவில்லை.

"பக்கத்துல நாக்க நீட்டுறது யாரு சார்?" என்று கேட்டார் பரிபூரணம்.

"த்ருவ்," என்றார் மெல்ல. "என் பையன்."

"அப்போ ரெண்டு பேரும் வந்தா பதினொண்ணு சார்!" என்றாள் முத்துப்பேச்சி. கணக்கு மிகச் சரி. யாரும் கைதட்டவில்லை.

வெள்ளிக்கிழமை அறிக்கை தயாரானது. பள்ளியை மூடக் காரணம்: பெற்றோரின் ஆர்வமின்மை. அதன் கீழே பெற்றோர் இருவர் கையெழுத்திட்டு, அலுவலக முத்திரையும் வைத்தார்கள்.