அப்பா எண்ணிய அறுபத்து நான்கு மூச்சு

அன்பும் மதிப்பும் மிக்க சித்திக்கு,

உங்கள் அக்கா மகள் எழுதுவது. இங்கு எல்லோரும் நலம் என்று முதல் வரியில் எழுதச் சொல்லிவிட்டு அம்மா பக்கத்திலேயே நின்றார். எழுதியதைப் பார்த்த பிறகு துணி மடிக்கப் போய்விட்டார். இனி நடந்ததை எழுதுகிறேன். வரும் சனிக்கிழமை நீங்கள் இரண்டு மாதப் பாப்பாவைத் தூக்கிக்கொண்டு இங்கே வரலாமா, கூடாதா என்பது இந்தக் கடிதத்தில்தான் இருக்கிறது. போனில் சொல்லலாம்தான். ஆனால் போனை எடுப்பது அம்மா. அம்மா பேசும் போனில் எங்கள் வீட்டில் யாருக்கும் இதுவரை உடம்புக்கு வந்ததே இல்லை.

தம்பி வாண்டுக்குப் போன மாதம் இரண்டு வயது முடிந்ததும் குழந்தைகள் காப்பகத்தில் சேர்த்தோம். அங்கே ஒரு சிவப்புப் பொம்மைத் தொலைபேசி இருக்கிறது. பதினொரு குழந்தைகளும் அதை வாயருகே வைத்துப் பேசுவதில்லை, வாய்க்குள்ளே வைத்துப் பேசுகிறார்கள். நான்காம் நாள் வாண்டுக்கு மூக்கு ஒழுகியது, ஐந்தாம் நாள் இருமல், ஆறாம் நாள் காய்ச்சல். நான் போய் விசாரித்தபோது காப்பகத்து ஆயா, "எங்க பிள்ளைங்க எல்லாம் கல்லு மாதிரி இருந்துச்சுங்க. உன் தம்பிதான் எங்கேர்ந்தோ கொண்டாந்து கொடுத்தான்" என்றார். அவர் சொல்லி முடிப்பதற்குள் பின்னால் மூன்று கற்கள் இருமின.

டாக்டரம்மா நெஞ்சில் குழாய் வைத்துக் கேட்டார். சாதாரண வைரஸ் சளி, தானாக வடியும், காய்ச்சலுக்கு மட்டும் மருந்து போதும் என்றார். அம்மாவுக்கு மனம் ஆறவில்லை. "எதுக்கும் ஒரு ஊசி போட்டுடுங்களேன்" என்றார். "யாருக்கு, உங்களுக்கா?" என்று கேட்டுவிட்டு டாக்டரம்மா என் பக்கம் திரும்பினார். "நீ படிக்கிற பிள்ளையா தெரியுற. தம்பி தூங்கும்போது ஒரு நிமிஷம் முழுசா மூச்சை எண்ணு. இந்த வயசுக்கு நாப்பதைத் தாண்டினாலோ, மூச்சு இழுக்கும்போது விலாவுக்குக் கீழ குழி விழுந்தாலோ உடனே கூட்டிட்டு வரணும்." எனக்கு இதுவரை யாரும் இவ்வளவு பெரிய வேலை கொடுத்ததில்லை. அன்றே ஒரு நோட்டுக்கு அட்டை போட்டுவிட்டேன்.

மறுநாள் மதியம் வாண்டு தூங்கினான். நான் எண்ணினேன், முப்பத்திரண்டு. அம்மா எண்ணினார், முப்பத்தொன்று. நடுவில் அடுப்பைப் பார்க்கப் போனதற்கு ஒன்று விட்டுக்கொடுக்கலாம். அப்போதுதான் அப்பா காலை ஷிப்டு முடிந்து வந்தார். அப்பா பேருந்து நிலையத்தில் டைம் கீப்பர் என்பதும், பத்தொன்பது வருடத்தில் அவர் பதிவேட்டில் ஒரு அடித்தல் கிடையாது என்பதும் உங்களுக்குத் தெரியும். "தள்ளுங்க, எண்ணுறதுன்னா என்னன்னு நான் காட்டுறேன்" என்று கடிகாரத்தைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். ஒரு நிமிடம் ஆனது. முகம் வெளுத்தது. இன்னொரு நிமிடம் எண்ணினார். பிறகு மெதுவாக, "அறுபத்து நாலு" என்றார்.

சித்தி, அப்பா தப்பாக எண்ணியிருப்பார் என்று எங்களுக்குத் தோன்றவே இல்லை. நான்தான் பாதியை விட்டுவிட்டேன் என்று நினைத்தேன். நோட்டில் இருந்த என் முப்பத்திரண்டை அடித்துவிட்டேன். அப்பா வாண்டைப் போர்வையோடு அள்ளிக்கொண்டு ஓடினார், அம்மா கதவைப் பூட்டி, என்னை உள்ளே வைத்துப் பூட்டியது தெரிந்து மறுபடி திறந்து, இருவரும் பின்னால் ஓடினோம், நிலையத்தில் மூன்று பத்து வண்டி அப்போதுதான் நகர்ந்துகொண்டிருந்தது, அப்பா அதன் குறுக்கே போய் நின்றார், "ஆஸ்பத்திரி வாசல் வரைக்கும் எங்கேயும் நிக்கக் கூடாது" என்றார், ஒரு நிமிடத் தாமதத்துக்கு அதே டிரைவரை எத்தனையோ முறை திட்டியவர் அவர், டிரைவர் வண்டியை ஆஸ்பத்திரிப் பக்கம் திருப்பினார். இறங்க வேண்டிய இடத்தில் இறங்க முடியாத ஒரு பெரியவர் மட்டும், "என் ஸ்டாப்பு போயிடுச்சு, பரவாயில்ல, குழந்தை முகத்துல காத்து படட்டும், விலகுங்கப்பா" என்று எல்லோரையும் விலக்கிவிட்டு அவரே குனிந்து நின்றுகொண்டார். வழியெல்லாம் அப்பா ஒரு கையை வாண்டின் நெஞ்சிலிருந்து எடுக்கவில்லை. உதடு மட்டும் எண்ணிக்கொண்டே இருந்தது. அப்பா அழுது நான் பார்த்ததில்லை. அன்றும் அழவில்லை, எண்ணினார்.

டாக்டரம்மா எண்ணிவிட்டு, "முப்பத்தி நாலு. குழியும் விழல. நல்லாத்தானே இருக்கான்?" என்றார்.

"இல்லங்க, அறுபதைத் தாண்டுது."

"எங்க, சத்தமா எண்ணுங்க பார்ப்போம்."

வாண்டின் நெஞ்சு ஏறியது. "ஒண்ணு" என்றார் அப்பா. இறங்கியது. "ரெண்டு" என்றார்.

டாக்டரம்மா பேனாவை மூடினார். "சார், வெளிய விடுறதையும் எண்ணுறீங்களா?"

"வந்தது ஒரு பதிவு, போனது ஒரு பதிவு. வந்ததை மட்டும் எழுதினா வண்டி உள்ளேயே நிக்குதுன்னுல்ல அர்த்தம்?" என்றார் அப்பா.

டாக்டரம்மா மூடிய பேனாவை மறுபடி திறந்து சீட்டில் இரண்டு எண் எழுதினார். "சரி. நீங்க எண்ணினா எண்பது. உங்க பொண்ணு எண்ணினா நாப்பது. அதைத் தாண்டினா வாங்க" என்றார். அம்மா அப்பாவிடம் வீடு வரும்வரை பேசவில்லை. வந்ததும் சேர்த்துப் பேசினார். அப்பா மறுநாள் பதிவேட்டில் 'மூன்று பத்து வண்டி தடம் மாறியது, காரணம்: மூச்சு' என்று எழுதி, பத்தொன்பது வருடத்தில் முதல் முறையாக அதை அடித்து, மறுபடி அதையே எழுதினார்.

அன்று ஆஸ்பத்திரியிலிருந்து கிளம்பும்போது நான் டாக்டரம்மாவிடம் உங்கள் பாப்பாவைப் பற்றிக் கேட்டேன். "ரெண்டு மாசக் குழந்தைக்கு மூச்சுக்குழாய் ரொம்பச் சின்னது. இவனுக்குச் சளியா இருக்கிறது அதுக்குப் பெரிய நோவாயிடும். வீட்டுல ஒருத்தருக்கும் இருமல் தும்மல் இல்லாம இருந்தா வரச் சொல்லு" என்றார். அதனால்தான் இவ்வளவும் எழுதினேன்.

வாண்டுக்குச் சளி பிடித்து இன்றோடு பன்னிரண்டு நாள். வாண்டு இருமி நான்கு நாள் ஆகிறது. தலையணை உறை முதல் கதவுக் கைப்பிடி வரை கழுவிவிட்டேன். பாப்பாவைத் தொடுமுன் சோப்பு, முத்தம் பாதத்தில் மட்டும் என்று விதி எழுதி வாசலில் ஒட்டியிருக்கிறேன். உங்கள் வயிற்றில் இருக்கிறது என்று அம்மா சொன்னதிலிருந்து நான் காத்திருக்கும் பாப்பா அது. ஆகவே சித்தி, தைரியமாக வாருங்கள். அப்பா நிலையத்தில் நின்று உங்கள் வருகையைப் பதிவு செய்வார்.

சித்தப்பாவுக்கு என் வணக்கம். பாப்பாவின் வலது பாதத்துக்கு ஒன்று, இடது பாதத்துக்கு ஒன்று.

இப்படிக்கு,
உங்கள் அன்பு மகள்

பின்குறிப்பு: மேலே உள்ளதை நேற்று எழுதி, உறையை ஒட்டாமல் வைத்திருந்தேன். இன்று காலை தொண்டை கரகரத்தது. அதைக் கணக்கில் சேர்க்க வேண்டாம் என்று நானே தீர்மானித்தேன். பிறகு தும்மினேன். "தூசிடி, அதையெல்லாம் எழுதாதே, அவ வராம இருந்துடப் போறா" என்றார் அம்மா. அப்பா பேனாவை எடுத்து என் கையில் கொடுத்தார். சனிக்கிழமை வராதீர்கள், சித்தி. பாப்பாவின் பாதத்தைக் காகிதத்தில் வைத்துச் சுற்றி வரைந்து அனுப்புங்கள், போதும். தும்மல் மூன்றுதான். அப்பா ஆறு என்கிறார்.